உலு லங்காட் என்றால் நாமும்தான்

"நாளைக்குக் காஜாங்கில் இடிமழை வருமா?" வானொலிக்கு அழைக்கும் நேயர்கள் கேட்பார்கள்.

குளிர்நாடுகளில் குளிர்காற்று முகப்பு நகர்வதை வைத்து முதல் நாளே சொல்லிவிடலாம். நமக்கு அப்படியில்லை. ஏப்ரல், மே மாதங்களில் வெயிலில் நிலம் காயும். மலாக்கா நீரிணையின் ஈரக்காற்று உள்ளே வரும். மாலைக்குள் மேகம் திரண்டுவிடும். எந்தத் தாமானில் கொட்டும் என்பது கடைசி நேரத்தில்தான் தெளியும்.

அதனால்தான் மெட்மலேசியாவின் இடிமழை எச்சரிக்கை ஒவ்வொன்றும் 6 மணி நேரத்துக்கு மேல் செல்லாது. முடியும் நேரத்தையும் பாருங்கள். அதில் காஜாங்கைத் தேடாதீர்கள். மாவட்டப் பெயர்தான் இருக்கும். உலு லங்காட் என்றிருந்தால் நமக்கும் சேர்த்துத்தான்.

இடி காதில் விழுந்தால் மின்னலும் எட்டும் தூரம்தான். திடலில் விளையாடும் பிள்ளைகளை உடனே உள்ளே அழையுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே விடலாம்.