எந்தப் பருத்தி என்று கேட்டு விதை வாங்குங்கள்

குமாரலிங்கபுரம் என்றால் இப்போது எல்லோரும் ஜவுளிப் பூங்காவைப் பற்றியே பேசுகிறார்கள். மத்திய அரசு 2023-ஆம் ஆண்டு அறிவித்த ஏழு பூங்காக்களில் ஒன்று விருதுநகர் மாவட்டத்துக்குக் கிடைத்திருக்கிறது. 1,052 ஏக்கர் நிலம். பூங்கா வந்தால் நம் பருத்திக்கு நல்ல விலை கிடைக்குமா என்று கரிசல்காட்டுச் சம்சாரிகள் கேட்கிறார்கள். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பதுண்டு: நம் பருத்தி என்கிறீர்களே, அது எந்தப் பருத்தி?

இது விளையாட்டுக் கேள்வியன்று. கடந்த மார்கழியில் அந்தப் பக்கம் போயிருந்தபோது, மானாவாரியாக மூன்று ஏக்கர் பருத்தி விதைத்திருந்த பெரியவர் ஒருவர் தம் காட்டுக்கு என்னை அழைத்துப் போனார். செடிகள் ஒரே உயரத்தில் இல்லை. இலையும் ஒன்றுபோல் இல்லை. "ஐயா, கருங்கண்ணியையும் கம்பெனி ஒட்டையும் சேர்த்து எடுத்த புது விதைன்னு சொல்லிக் கொடுத்தாங்க. வேர் கருங்கண்ணி மாதிரி ஆழமாப் போகும், காய் ஒட்டு மாதிரி பெருசா வைக்கும்னாங்க. இப்பப் பாத்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம நிக்குது" என்றார். விதைப் பை எங்கே என்று கேட்டேன். சாக்கில் இருந்து அளந்து கொடுத்தார்களாம். ரசீதும் இல்லை.

"அண்ணாச்சி, இது புது விதை இல்லை. இரண்டு பருத்திக்கொட்டையைக் கலந்து கொடுத்திருக்கிறார்கள்" என்றேன். ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல், வரப்பில் நின்றபடியே இதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் தாவரங்களை இனம் பிரித்து வைத்த அறிஞர்களின் உழைப்புதான். வகைப்பாடு என்பது கல்லூரி மாணவர்கள் தேர்வுக்காக உருப்போடும் இலத்தீன் பெயர்ப் பட்டியல் என்று பலர் நினைக்கிறார்கள். அது சம்சாரியின் மடியில் உள்ள பணத்தைக் காப்பாற்றும் வித்தை என்பதே என் கருத்து.

பருத்தி ஒரே செடியன்று. வெண்டைக்கும் செம்பருத்திக்கும் உறவான ஒரு பூக்கும் புதர்ச்செடிப் பேரினம் அது. காசிப்பியம் என்பது அதன் அறிவியல் பெயர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் இதற்கு முறையாகப் பெயர் சூட்டத் தொடங்கினார். அன்று தொடங்கிய குழப்பம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தீரவில்லை. மரம்போல் வளர்வது என்று ஒன்றுக்கு 'ஆர்போரியம்' என்றும், பூண்டுபோல் இருப்பது என்று மற்றொன்றுக்கு 'ஹெர்பேசியம்' என்றும் பெயர் வைத்தார். நம் கருங்கண்ணி அந்த ஆர்போரியத்தைச் சேர்ந்தது. இடுப்பளவு வளர்ந்து ஒரே ஆண்டில் முடிந்துபோகும் செடிக்கு மரம் என்று பெயர்! பெயரை மட்டும் நம்பினால் வரும் வினை இது.

பின்னால் வந்தவர்கள் பூவின் நிறத்தையும் கொட்டையின் மேலுள்ள பஞ்சுப் படலத்தையும் பார்த்துப் பார்த்துப் பிரித்தார்கள். இத்தாலியில் பார்லதோரே என்பவர் 1866-இல் ஏழு சிற்றினங்கள் என்றார். அதே நாட்டில் தொதாரோ என்பவர் 1877-இல் ஐம்பத்து நான்கு என்றார். பதினோரு ஆண்டுகளில் பருத்தி குட்டி போட்டுவிடவில்லை. எதை வைத்துப் பிரிப்பது என்பதில்தான் தகராறு. 1920-களில் உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணத் தொடங்கிய பிறகே வழி பிறந்தது. ஆசிய, ஆப்பிரிக்கப் பருத்திகளில் 26 குரோமோசோம்கள். அமெரிக்காவிலிருந்து வந்து பயிராகும் பருத்திகளில் 52. ஹட்சின்சன் என்ற ஆங்கிலேயர் 1930-களில் இந்தூரில் இருந்துகொண்டு நம் நாட்டுப் பருத்திகளைத் திரட்டி ஆராய்ந்தார். பிறகு சிலோ, ஸ்டீபன்ஸ் ஆகிய இருவருடன் சேர்ந்து 1947-இல் அவர் வெளியிட்ட நூல், எது எதோடு கூடி விதை தரும் என்பதையும் கணக்கில் கொண்டு சிற்றினங்களை இருபதாகக் குறைத்தது. காட்டுவகைகள் பல பின்னர் கண்டறியப்பட்டு இன்று எண்ணிக்கை ஐம்பதை ஒட்டி இருக்கிறது. ஆனால் உலகில் பயிராவது அன்றும் இன்றும் நான்கே நான்கு.

அந்த நான்கையும் நம் தமிழ்நாடு கண்டிருக்கிறது. கருங்கண்ணி ஆர்போரியம். முன்பு கருங்கண்ணியோடு கலந்து விதைத்து வந்த உப்பம் பருத்தி ஹெர்பேசியம். இவை இரண்டும் 26. இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில், 1904-05 வாக்கில் சென்னை மாகாண வேளாண்மைத் துறை கொண்டுவந்த கம்போடியாப் பருத்தி ஹிர்சூட்டம். பிறகு வந்த எம்.சி.யூ. இரகங்களும், இன்று கடைகளில் விற்கும் பி.டி. ஒட்டுகளும் இதே ஹிர்சூட்டம்தான். 1974-இல் கோவையிலிருந்து வெளிவந்த சுவின், மிக நீண்ட இழையுள்ள பார்படென்ஸ். இவை இரண்டும் 52.

குரோமோசோமை எண்ண நுண்ணோக்கி வேண்டும். கரிசலில் நின்று பார்க்க சப்பை போதும். சப்பையைப் போர்த்தியிருக்கும் மூன்று இலைச்செதில்களை விரலால் விரித்துப் பாருங்கள். கருங்கண்ணியில் அவை முக்கோணமாக, விளிம்பு வெட்டுப்படாமல், நுனியில் சிறு பற்கள் இருந்தும் இல்லாமலும், காயை ஒட்டி மூடியிருக்கும். உப்பத்தில் செதில் அகலம்; சிறு பற்களோடு காயை விட்டு வெளியே விரிந்திருக்கும். ஹிர்சூட்டத்தில் விளிம்பு நீண்ட நீண்ட பற்களாக ஆழக் கிழிந்திருக்கும். அடுத்து இலை: கருங்கண்ணியில் விரல்போல் ஆழ வெட்டு, ஹிர்சூட்டத்தில் அகன்ற மடல். பூ: கருங்கண்ணியில் மஞ்சள் இதழின் அடியில் கருஞ்சிவப்புக் கண், ஹிர்சூட்டத்தில் பெரும்பாலும் கண் இல்லாத வெளிர்நிறம். காயில் கருங்கண்ணிக்கு மூன்று, நான்கு சுளை. ஹிர்சூட்டத்துக்கு நான்கு, ஐந்து. ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் இரண்டு மூன்று அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெரியவரின் காட்டில் ஒரு செடி முழுக்கக் கருங்கண்ணி, பக்கத்துச் செடி முழுக்க ஹிர்சூட்டம். இரண்டுக்கும் நடுவான செடி ஒன்றுகூட இல்லை. இருக்கவும் முடியாது. 26-ஐயும் 52-ஐயும் ஒட்டுச் சேர்த்தால் அரிதாகக் கிடைக்கும் செடிக்கு 39 குரோமோசோம்கள் அமையும். அது கழுதைக்கும் குதிரைக்கும் பிறந்த கோவேறு கழுதைபோல மலடு. கால்ச்சிசின் மருந்து கொண்டு குரோமோசோமை இரட்டிப்பாக்கி, பல தலைமுறை உழைத்து, நாட்டுப் பருத்தியின் நற்குணத்தை அமெரிக்கப் பருத்திக்குள் ஏற்றும் பணி ஆராய்ச்சி நிலையங்களில் நடப்பது உண்மை. அப்படி உருவான இரகத்துக்குப் பெயர் இருக்கும், வெளியிட்ட நிலையம் இருக்கும், பையில் சீட்டு இருக்கும். சாக்கில் அளந்து வராது.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கருங்கண்ணிக்கும் கம்போடியாவுக்கும் இடையில் ஐம்பது மீட்டர் விடாவிட்டால் மகரந்தம் கலந்து விதை கெட்டுவிடும் என்று ஒருவருக்குச் சொல்லி, அவருடைய துண்டு நிலத்தில் ஒரு பட்டையைத் தரிசாகப் போட வைத்தேன். அந்த இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது. தேனீ கெடுப்பது ஒரே எண்ணிக்கை உள்ளவற்றைத்தான். கருங்கண்ணியும் உப்பமும் கூடினால் முதல் தலைமுறை செழிப்பாக இருந்து ஏமாற்றும். அடுத்த தலைமுறையில் சோடைச் செடிகள் தலைகாட்டும். கருங்கண்ணி இரகம் ஒன்றுக்கு அருகில் வேறு கருங்கண்ணி இரகம் இருந்தாலும் விதைத்தூய்மை போய்விடும். அங்கேதான் இடைவெளி வேண்டும். மற்றபடி கரிசலில் நடக்கும் கலப்படம் பெரும்பாலும் பூவில் நடப்பதில்லை. அறவை ஆலையின் கொட்டைக் குவியலில் நடக்கிறது.

சிற்றினம் தெரிந்தால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். முன்னொரு காலத்தில் புளிச்சைப் பருத்தி என்று ஒன்று இந்தப் பக்கம் பரவியது. (கீரைக்குப் போடும் புளிச்சை அன்று.) இன்றைய கணக்கில் அதுவும் கருங்கண்ணியைப் போல ஆர்போரியமே. ஆனால் இழை குட்டை, சொரசொரப்பு. அறைத்தால் பஞ்சு கூடுதலாகக் காணும் என்பதால் அதைக் கலந்து விற்று, திருநெல்வேலிப் பருத்திக்கு இருந்த பெயரையே கெடுத்தார்கள். அதை ஒடுக்க 1932-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆகவே சிற்றினத்தின் பெயர், அதன் கீழ் இரகத்தின் பெயர், இரண்டும் வேண்டும்.

இனி, எதை விதைப்பது? நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவின் பருத்திப் பரப்பில் ஏறத்தாழ 97 சதவீதம் நாட்டுப் பருத்தி. இன்று நிலைமை தலைகீழ். ஆலைக்காரர்கள் மீது குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு நீண்ட இழை வேண்டும். கருங்கண்ணியின் இழை பெரும்பாலும் 25 மி.மீ.க்குள் நின்றுவிடுகிறது. காயும் சிறியது, எடுக்கக் கூலி அதிகம், வெடித்தபின் தாமதித்தால் சுளை கீழே விழுந்து மண் ஒட்டும். இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் கிணறும் இல்லாத, கண்மாய்ப் பாசனமும் எட்டாத கரிசலில் வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி விதைக்கிறவருக்கு வேறு கணக்கு உண்டு. மழை இடைவெளியைக் கருங்கண்ணி தாங்கும். தத்துப்பூச்சி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சிகள் அதை அதிகம் வருத்துவதில்லை. 2015-இல் பஞ்சாபில் வெள்ளை ஈ அமெரிக்கப் பருத்தியைச் சூறையாடியபோது நாட்டுப் பருத்தி வயல்கள் பெரும்பாலும் தப்பின. ஒட்டு விதையை ஆண்டுதோறும் வாங்க வேண்டும். கே-11, கே-12 போன்ற கோவில்பட்டி இரகங்கள் ஒட்டு அல்ல, தூய்மையாக வைத்திருந்தால் சொந்த விதை எடுக்கலாம். பி.டி. பருத்திக்கு 2002-இல் அனுமதி வந்தபோது காய்ப்புழுவுக்கு மருந்துச் செலவு மிச்சம் என்றார்கள்; இப்போது இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிக்கொண்டுவிட்டது. செலவு போட முடியாதவர், தண்ணீர் கொடுக்க முடியாதவர், பூங்கா வருகிறது என்பதற்காக 26-ஐ விட்டு 52-க்குத் தாவுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இறவைப் பருத்திக்காரர் தாராளமாக 52-க்குப் போகட்டும்.

விதை விற்போருக்கும், எங்கள் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து அரசு நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பருத்தி விதைப் பையின் முகப்பில் 'நாட்டுப் பருத்தி 26' அல்லது 'அமெரிக்கப் பருத்தி 52' என்று பெரிய எழுத்தில் தமிழில் அச்சிடுங்கள். சிற்றினப் பெயர் சம்சாரிக்குப் புரியும்படி இருந்த பையை நான் இதுவரை கண்டதில்லை. நாங்கள் வெளியிடும் பரிந்துரைகளிலும் 'பருத்திக்கு' என்று பொதுவாக எழுதிவிட்டு, உர அளவையும் மருந்தையும் ஒன்றாகக் கொடுத்துவிடுகிறோம். இதுவும் மாற வேண்டும்.

பெரியவர் அந்தக் காட்டை அழிக்கவில்லை. கருங்கண்ணிச் செடிகளை மட்டும் கிளையில் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்தார். மாசியில் பருத்தி எடுக்கும்போது அவற்றைத் தனிச் சாக்கில் எடுத்தார். நூல் கட்டிய செடியிலும் விதை எடுக்க வேண்டாம், அது எந்த இரகம் என்று நமக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். வரும் புரட்டாசிக்கு முன்பாக அருப்புக்கோட்டை அல்லது கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் சீட்டுள்ள விதை கேட்டு வாங்கி, ரசீதையும் பையையும் அறுவடை முடியும் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.