வெயில் மட்டும்தான் இலவசம்

"நம்மூர் வெயிலுக்குக் கண்ணாடிக் குழாய்ல பாசி வளர்த்தா பெட்ரோலே வேணாம், ஊர்ப் புகையையும் அதுவே உறிஞ்சிடும்." ஆறு மாசத்துக்கு ஒருத்தர் இப்படி எழுதிடறாங்க. முகப்பேர் மொட்டைமாடியில வத்தல் காயும், ஒத்துக்கறேன். பாசி? கணக்குப் போட்டுப் பாத்துடுவோம் மக்களே.

கத்திரி வெயில் உச்சியில அடிக்கிற வெளிச்சத்துல சுமார் பத்துல ஒரு பங்குலயே பாசி செல்லுக்கு வயிறு ரொம்பிடும். மிச்சத்துல பெரும்பகுதியை வெப்பமா வெளிய தள்ளிடும். ரொம்ப நேரம் அடிச்சா ஒளிச்சேர்க்கை பண்ற புரதமே பழுதாகும். இதுல கொடுமை, குழாய் ஓரத்து செல் வெயில்ல வேகும்போது, அதோட நிழல்ல உள்ள இருக்கறது பட்டினி கிடக்கும். நம்ம ஆபீஸ் மாதிரிதான்: ஒருத்தன் தலையில எல்லா வேலையும், பத்து பேர் பெஞ்ச்ல. இன்னும் நாலு புராஜெக்ட் வந்தா தீருமா? பிரிச்சுக் குடுக்கணும்.

வழி இருக்கு. குழாயை ஒல்லியாக்கணும், செங்குத்தா நிறுத்தி வெளிச்சத்தைப் பரப்பணும், விடாம கலக்கணும். கலக்க கரண்ட், சூடான குழாயைக் குளிர வைக்கத் தண்ணி, சேர்ற ஆக்சிஜனை வெளியேத்த இன்னொரு ஏற்பாடு. எல்லாம் காசு.

பெல்கிரேடுல 2021ல 600 லிட்டர் 'திரவ மரம்' வெச்சாங்க. அந்த அளவு தொட்டியில லிட்டருக்கு தினம் 1 கிராம் பாசின்னு தாராளமாவே வெச்சுக்குவோம். 600 கிராம். 1 கிலோ பாசிக்கு சுமார் 1.8 கிலோ கரியமில வாயு. ஆக, நாளைக்கு ஒரு கிலோ சொச்சம். ஒரு மனுஷன் மூச்சு விடறதே கிட்டத்தட்ட அவ்வளவு! மரத்துக்கு பதில் இதுன்னு ஆரம்பிச்சா, நிழல் யார் தருவா?

எக்ஸான்மொபில் 2009ல பாசி எரிபொருளுக்கு 60 கோடி டாலர் வரை செலவழிப்போம்னு அறிவிச்சுது. 2023ல கழண்டுக்குச்சு.

அப்போ பாசியே வேஸ்ட்டா? இல்லீங்க. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூர்ல பாரி நிறுவனம் ஆழமில்லாத திறந்த தொட்டியில ஸ்பைருலினா வளர்த்து வந்திருக்கு. எரிக்க இல்ல, சாப்பிட. விலை கிடைக்கும், கணக்கு ஒத்துவரும்.

பாசிக் குழாய் விக்க வர்றவங்ககிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க: கரண்ட் எவ்வளவு ஆகும்? கிலோ என்ன விலைக்குப் போகும்? பதில் வரலைன்னா அந்தக் காசுக்கு சோலார் தகடு மாட்டுங்க. அது வெயில்ல சுமார் அஞ்சுல ஒரு பங்கைக் கரண்ட்டாக்கும். வெட்டவெளிப் பாசி சேமிக்கறது சில சதவீதம்தான்.

மறுக்கறவங்க பின்னூட்டத்துல வாங்க. கணக்கோட.