சேவைக் குறைப்பும் விமானிகளின் பிளவும்: சுமை யார் மீது?

விமானச் சேவைகளைக் குறைக்கப் போவதாக ஒரு நிறுவனம் அறிவித்தால், அதன் விமானிகள் அனைவரும் ஒரே குரலில் எதிர்ப்பார்கள் என்பதுதான் பொதுவான எண்ணம். ஆனால் அமெரிக்காவின் யுனைட்டெட் ஏர்லைன்ஸ் நிறுவனம் 2008ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் எடுத்த முடிவுகள் வேறொரு சித்திரத்தைக் காட்டுகின்றன. குறைப்பு நியாயமா என்ற கேள்வியைவிட, அதன் சுமை யார் மீது விழும் என்பதே விமானிகளைப் பிரித்திருக்கிறது.

எண்ணெய் விலையும் 100 விமானங்களும்

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. அதற்கு முந்தைய மாதமே, 94 போயிங் 737 விமானங்களையும் 6 போயிங் 747 விமானங்களையும் சேவையிலிருந்து விலக்கப் போவதாக யுனைட்டெட் அறிவித்திருந்தது. சுமார் 950 விமானிகளைத் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்யும் திட்டமும் அதே மாதத்தில் வெளியானது. இறுதியில் பணியிழந்த விமானிகளின் எண்ணிக்கை 1,400ஐத் தாண்டியது.

இதில் இரண்டு வாதங்கள் மோதின. எரிபொருளை அதிகம் செலவிடும் பழைய விமானங்களை நட்டத்தில் பறக்க விட்டால் நிறுவனமே மூழ்கிவிடும் என்பது ஒன்று. யுனைட்டெட் 2002 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரி, 2006 பிப்ரவரியில்தான் அதிலிருந்து மீண்டிருந்தது. அக்காலத்தில் ஊதியத்தில் கணிசமான பகுதியையும், 2005இல் நிறுவன ஓய்வூதியத் திட்டத்தையும் இழந்த விமானிகளுக்கு இன்னொரு திவால் என்பது வெறும் அச்சுறுத்தல் அல்ல.

விட்டுக்கொடுத்த வழித்தடங்கள் போட்டி நிறுவனங்களின் கைக்குப் போய்விடும், சுருங்கிக்கொண்டே போகும் நிறுவனத்தால் நிலையான இலாபம் ஈட்ட முடியாது என்பது மறுதரப்பு வாதம். நிறுவனத்தைக் காப்பாற்றுவதற்காகச் செய்த தியாகம் வீணாகிறது என்ற கோபமும் அதில் கலந்திருந்தது. 2008 ஆகஸ்டில், தலைமை நிர்வாகி கிளென் டில்டன் பதவி விலக வேண்டும் என்று விமானிகள் சங்கம் பகிரங்கமாகக் கோரியது.

பணிமூப்பு என்னும் ஏணி

இந்தப் பிளவின் வேர் பணிமூப்புப் பட்டியலில் இருக்கிறது. எந்த விமானத்தை ஓட்டுவது, தலைமை விமானியா துணை விமானியா என்பதையெல்லாம் அமெரிக்க நிறுவனங்களில் பெரும்பாலும் அப்பட்டியலே தீர்மானிக்கிறது. ஒரு ரக விமானம் முழுவதும் விலக்கப்பட்டால், மேலே உள்ளவர் தமக்குக் கீழுள்ளவரின் இடத்துக்கு இறங்குகிறார். அவர் அடுத்தவரை இறக்குகிறார். கடைசியாகச் சேர்ந்தவர் வெளியே தள்ளப்படுகிறார். அவர் வேறு நிறுவனத்தில் சேர்ந்தால், எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அங்கும் பட்டியலின் அடியிலிருந்தே தொடங்க வேண்டும்.

2007 டிசம்பரில் அமெரிக்கா விமானிகளின் ஓய்வு வயதை 60இலிருந்து 65ஆக உயர்த்தியது, இந்த நெருக்கடியைக் கூர்மையாக்கியது. ஓய்வூதியத்தை இழந்த மூத்தவர்களுக்கு அது நிவாரணம். இளையவர்களுக்கோ, காலியாக வேண்டிய இடங்கள் காலியாகவில்லை. பணியிழந்தவர்களில் பலர் திரும்ப அழைக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

பகிர்ந்துகொண்ட இழப்பு

2020இல் கொரோனா பெருந்தொற்று வந்தபோது குறைப்பு தேவையா என்ற விவாதத்துக்கே இடமில்லை. பயணிகளே இல்லை. சுமார் 2,850 விமானிகளின் வேலை ஆபத்தில் இருப்பதாக யுனைட்டெட் தெரிவித்தது. ஆனால் இம்முறை சங்கமும் நிர்வாகமும் வேறு வழியைத் தேடின. அனைவருக்கும் உத்தரவாதம் அளிக்கப்பட்ட குறைந்தபட்ச மாதாந்திரப் பறக்கும் நேரத்தைக் குறைப்பது, விரும்பும் மூத்தவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வு அளிப்பது, பதிலுக்கு 2021 ஜூன் வரை பணிநீக்கம் இல்லை என்பது உடன்பாடு.

செப்டம்பர் இறுதியில் நடந்த வாக்கெடுப்பில் 58 சதவீதத்தினர் இதை ஆதரித்தனர். எதிர்த்து வாக்களித்தவர்களும் சிறுபான்மை என்று ஒதுக்கிவிடக்கூடியவர்கள் அல்ல. வேலை பறிபோகும் அபாயமே இல்லாத மூத்த விமானி, தமக்குக் கீழுள்ளவருக்காகத் தம் ஊதியத்தை ஏன் இழக்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். அத்தகைய உடன்பாடு எட்டப்படாத அமெரிக்கன் ஏர்லைன்ஸில், அரசின் ஊதிய உதவி முடிவடைந்த மறுநாளான அக்டோபர் 1ஆம் தேதி, சுமார் 1,600 விமானிகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். உதவி நீட்டிக்கப்பட்ட பின்னரே அவர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர்.

இரண்டு காலங்களையும் அப்படியே ஒப்பிட முடியாது என்பது உண்மை. 2008இல் விமானிகளின் ஊதியத்துக்கு அரசுப் பணம் கிடைக்கவில்லை. நெருக்கடி எவ்வளவு காலம் நீடிக்கும் என்ற கணக்கும் வேறு.

இருப்பினும் ஒரு பாடம் தெளிவாகவே இருக்கிறது. எத்தனை விமானங்கள் பறக்க வேண்டும் என்பதை எரிபொருள் விலையும் பயணிகள் எண்ணிக்கையும் தீர்மானிக்கலாம். அதற்கான விலையைப் பட்டியலின் அடியில் இருப்பவர் மட்டுமே செலுத்த வேண்டும் என்பது சந்தையின் விதி அல்ல. அது மனிதர்கள் பேசி எடுக்கும் முடிவு. அந்த வாக்கெடுப்பு நடந்து ஒன்பது மாதங்களில், 2021 ஜூனில், யுனைட்டெட் 270 புதிய விமானங்களுக்குக் கொள்முதல் ஆணை அளித்தது. அப்போது அவற்றை ஓட்டப் பயிற்சி பெற்ற இளைய விமானிகள் அதன் பட்டியலிலேயே இருந்தார்கள்.