சேரட்டும், சேரட்டும் என்று வைத்திருக்கும் மைல்கள்

புதுச்சேரியில் பிரான்சில் ஆள் இல்லாத குடும்பம் எங்கள் தெருவில் குறைவு. அதனால் இங்கே மைல் என்றால் தூரம் அல்ல. ஏர் பிரான்சும் கேஎல்எம்மும் சேர்ந்து 2005-இல் தொடங்கிய ஃப்ளையிங் ப்ளூ கணக்கில் ஏறும் புள்ளி. யாரைக் கேட்டாலும், "அம்பதாயிரம் இருக்கு சார், இன்னும் கொஞ்சம் சேரட்டும்" என்கிறார்கள். இந்த 'சேரட்டும்' எனக்கு உடன்பாடில்லை.

வங்கியில் போட்ட பணம் வட்டி போடும். மைல் போடாது. 2018 வரை எந்தப் பிரதேசத்துக்கு எத்தனை மைல் என்று அட்டவணை இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். இப்போது டிக்கெட் விலை மாதிரியே மைல் விலையும் நாளுக்கு நாள் மாறுகிறது. சாதாரண உறுப்பினருக்கு 24 மாதம் கணக்கில் அசைவே இல்லையென்றால் சேர்த்ததும் காலாவதி. இதை நம்பி யாராவது சேமிப்பார்களா?

எல்டிசி பில் சரிபார்த்துப் பழகியவன் என்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். (எனக்கு மனக்கணக்கு இன்றும் பிரெஞ்சில்தான் ஓடும். தொண்ணூறை 'நாலு இருபது பத்து' என்று சொல்லும் பாஷையில் படித்தவனுக்கு எந்தக் கணக்கும் பயமில்லை.) டிக்கெட் 60,000 ரூபாய் என்று வையுங்கள். அதையே மைலில் எடுத்தால் 30,000 மைல், அதோடு வரியும் இதர கட்டணமும் 24,000 ரூபாய். 'இலவச டிக்கெட்' என்பவர்கள் இந்த 24,000-ஐ மறந்துவிடுகிறார்கள். மிச்சம் 36,000, ஒரு மைலுக்கு 1 ரூபாய் 20 காசு. இந்தக் காசு எந்தத் தேதியில் கூடுகிறது என்று பாருங்கள். மாதாமாதம் சில ஊர்களுக்குத் தள்ளுபடி போடுகிறார்கள், அதையும் பாருங்கள். விலை மலிந்த நாளில் பணம் கொடுத்தே வாங்கலாம். புது மைலாவது ஏறும்.

குடும்பமாகப் போகும்போது யாருக்கு மைல், யாருக்குப் பணம் என்பதும் உண்டு. 2 முதல் 11 வயது வரை பிள்ளைகளுக்கு மைலில் கால் பங்கு குறைவு. ஆனால் பணத்திலும் சிறுவர் கட்டணம் இருந்தால் அதோடுதான் ஒப்பிட வேண்டும், பெரியவர் கட்டணத்தோடு அல்ல.

கிரெடிட் கார்டு புள்ளி வேறு சமாச்சாரம். ஸ்டேட் வங்கியின் பல கார்டுகளில் 4 புள்ளிக்கு 1 ரூபாய்தான். அந்தப் புள்ளிக்காக வேண்டாத சாமான் வாங்கி, பாக்கி வைத்து, மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

என் மகள் வீட்டில் மாப்பிள்ளை பிசினஸ் கிளாசுக்காகச் சேர்த்துக்கொண்டிருந்தார். சாய்ந்து படுத்துக்கொண்டு வரலாமாம். நான் சொன்னேன்: "தம்பி, பெரியவனுக்கு தை பிறந்தா பன்னெண்டு வயசு. அந்தக் கால் பங்கும் போயிடும். அதைவிட, இன்னும் ரெண்டு கோடை போனா அவனே தாத்தா வீட்டுக்கு வரமாட்டான், சிநேகிதங்களோட எங்கயாவது போவான். உட்கார்ந்தே வாங்க." ஜூலை மாதத்துக்கு நான்கு சீட்டு போட்டாயிற்று, இரண்டு மைலில், இரண்டு பணத்தில்.