டிஸ்க் விலகினால் உடனே ஆபரேஷனா?

'முதுகுல கத்தி வெச்சா கால் விளங்காமப் போயிடும்' என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இப்போது நேரெதிராக இன்னொன்றும் வந்துவிட்டது. 'சின்னத் துளைதானாம், மறுநாளே வீட்டுக்கு வந்துடலாமாம்' என்று கேள்விப்பட்டு, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டும் கையுமாக ஆபரேஷனுக்குத் தேதி கேட்பவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது டிஸ்க். அதன் வெளிவளையம் கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி இடுப்போடு நிற்காது. பின்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை சுண்டி இழுக்கும்.

முன்பெல்லாம் முதுகில் நீளமாகக் கீறி, தசையை எலும்பிலிருந்து பிரித்துத்தான் இதைச் சரிசெய்தார்கள். 1977-ல் காஸி யாசர்கில், வுல்ஃப்காங் காஸ்பர் என்ற இரு நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்கள், மைக்ராஸ்கோப் வைத்து டிஸ்க் ஆபரேஷன் செய்யும் முறையைத் தனித்தனியே வெளியிட்டார்கள். இன்று 2 முதல் 3 செ.மீ. கீறலே போதும். எண்டோஸ்கோப் என்றால் ஒரு செ.மீ.கூடத் தேவையில்லை. டிஸ்க் முழுவதையும் எடுப்பதில்லை. நரம்பை அழுத்தும் துண்டைத்தான் எடுக்கிறார்கள். தசைக்குச் சேதம் குறைவு, ரத்த இழப்பும் குறைவு.

ஆனால், துளைதான் சின்னது. உள்ளே நடப்பது சின்ன வேலை இல்லை. நரம்பைச் சுற்றியுள்ள உறை கிழியலாம், தொற்று வரலாம், அதே டிஸ்க் மறுபடியும் பிதுங்கலாம். எனவே 'எவ்வளவு சின்னத் துளை டாக்டர்?' என்று கேட்பதைவிட, 'எனக்கு இது அவசியமா? இதே ஆபரேஷனை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?' என்று கேட்பது நல்லது. அனுபவமுள்ள மருத்துவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவசியமா என்ற கேள்விக்குக் காரணம் இருக்கிறது. பிதுங்கிய துண்டைப் பல நேரங்களில் உடலே மெல்லக் கரைத்துவிடுகிறது. நெதர்லாந்தில் கடுமையான கால்வலி இருந்த 283 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2007-ல் வெளியானது. சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. காத்திருந்த பிரிவிலோ 10-ல் 4 பேருக்குத்தான் பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், இரு பிரிவிலும் 95 சதவிகிதம் பேர் குணமாகியிருந்தார்கள். வலியைத் தாங்க முடிந்தால் சில வாரங்கள் மாத்திரை, பிசியோதெரபி என்று பொறுத்துப் பார்க்கலாம்.

பொறுக்கவே கூடாத நிலைமையும் உண்டு. பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினால், சர்க்கரை நோயின் மேல் பழி போட்டுவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே கசிந்தாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, நள்ளிரவானாலும் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தர பாதிப்பில் முடியலாம். பெரியவர்கள் பலர் இதை மகன், மருமகளிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள். முதுகுவலி என்று படுத்திருப்பவரிடம், 'ஒண்ணுக்கு சரியாப் போகுதாப்பா?' என்று வீட்டில் இருப்பவர்கள்தான் கேட்க வேண்டும்.