குணப்படுத்தாத அறுவைச் சிகிச்சை எதற்காக?

புற்றுநோய் எலும்புக்குப் பரவிய ஒருவருக்கு இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்று நாங்கள் கூறும்போது, குடும்பத்தினர் பலரும் கேட்பது இதுதான்: "நோய் முழுமையாகக் குணமாகாது என்கிறீர்கள், பிறகு இந்த அறுவை எதற்கு?" நியாயமான கேள்வி. இந்த அறுவை நோயைப் போக்குவதற்காகச் செய்யப்படுவதன்று. வலியைக் குறைத்து, நோயாளி தம் காலில் எழுந்து நிற்பதற்காகச் செய்யப்படுவது. அந்த நோக்கமே அதற்குப் போதுமான காரணம் என்பது என் கருத்து.

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவும் இயல்புடையவை. தொடை எலும்பின் மேற்பகுதி அவை அடிக்கடி தாக்கும் இடங்களுள் ஒன்று. உடல் எடையைத் தாங்கும் அவ்விடம் அரிக்கப்பட்டால், கட்டிலிலிருந்து எழும்போதுகூட எலும்பு முறியலாம். அவ்வாறு முறிந்த எலும்பு, விபத்தில் முறிந்த எலும்பைப் போல எளிதில் கூடுவதில்லை. நோயாளி படுத்தே கிடக்க நேர்ந்தால் படுக்கைப் புண், நுரையீரல் தொற்று, கால் நாளங்களில் இரத்த உறைவு ஆகியவை நேரக்கூடும். உடல் தளர்ந்துவிட்டால் புற்றுநோய் மருந்துகளைத் தொடர்வதும் கடினமாகும்.

ஆகவே, முறியும் வரை காத்திருத்தல் கூடாது. எலும்பில் நோய் உள்ள இடம், அதன் அளவு, ஊடுகதிர்ப் படத்தில் அதன் தோற்றம், வலியின் தன்மை ஆகிய நான்கிற்கும் மதிப்பெண் இட்டு, முறியும் வாய்ப்பைக் கணிக்கும் முறையை மிரெல்ஸ் என்னும் மருத்துவர் 1989-இல் வெளியிட்டார். இன்றும் அது பயன்படுகிறது. காலை ஊன்றும்போது தொடை இடுக்கிலோ, தொடையிலோ, முழங்காலிலோ வலித்தால், தேய்மானம் என்று எண்ணித் தைலமிட்டு உருவிவிட வேண்டா. அடுத்த சந்திப்பு நாள் வரை பொறுத்திராமல் உடனே தெரிவியுங்கள்.

எலும்பின் பந்துப் பகுதியோ கழுத்துப் பகுதியோ சிதைந்திருந்தால் மாற்று மூட்டு பொருத்துகிறோம். அதற்குக் கீழே நோய் இருப்பின், எலும்பினுள் உலோகத் தண்டு செலுத்துவதே போதுமானதாக இருக்கலாம். மாற்று மூட்டைப் பெரும்பாலும் எலும்புச் சிமெண்ட் கொண்டு உறுதிப்படுத்துவதால், பலர் ஓரிரு நாட்களில் வாக்கரின் துணையோடு நிற்கின்றனர். புண் ஆறியபின், எஞ்சியுள்ள நோயணுக்களைக் கட்டுப்படுத்தக் கதிர்வீச்சு தரப்படுவது வழக்கம்.

கத்தி பட்டால் புற்று பரவும் என்ற அச்சம் பலருக்கும் உண்டு. இங்கே நோய் ஏற்கெனவே இரத்தத்தின் வழியே எலும்பை அடைந்துவிட்டது. அந்த அச்சத்தால் முறியும் நிலையிலுள்ள எலும்பை அப்படியே விட்டுவைப்பதுதான் பெரிய தீங்கு.

ஆயினும் இஃது எளிய அறுவையன்று. இரத்தப்போக்கு, தொற்று, இரத்த உறைவு, மூட்டு விலகல் ஆகிய இடர்கள், தேய்மானத்திற்காக மூட்டு மாற்றிக்கொள்வோரைவிட இவர்களுக்கு மிகுதி. வாழ்நாள் சில வாரங்களே எஞ்சியிருக்கும் என்று தோன்றினால், அறுவையிலிருந்து தேறுவதற்கே அந்நாட்கள் கழிந்துவிடலாம். அத்தகையோருக்கு ஒரே முறை தரப்படும் கதிர்வீச்சும், மார்பின் மருந்தும், வலித்தணிப்புப் பராமரிப்பும் பொருத்தமானவை. அதனைக் கைவிடுதல் என்று கருத வேண்டா, அதுவும் சிகிச்சையே.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நோயாளியிடம் உண்மையை மறைத்து, "மூட்டுத் தேய்மானத்திற்கு அறுவை" என்று கூறிக் கையொப்பம் வாங்கித் தருமாறு சில குடும்பத்தினர் எங்களைக் கேட்கின்றனர். அன்பினால் கேட்கிறார்கள் என்பதை அறிவேன்; ஆனால் அதற்கு நான் உடன்படுவதில்லை. வலியையும் இடரையும் தாங்கப் போகிறவர் அவரே. பிறர் துணையின்றிக் கழிப்பறைக்குச் செல்ல வேண்டும் என்பது ஒருவரின் விருப்பமாக இருக்கலாம். மருத்துவமனை வேண்டா, வீட்டில் வலியின்றி இருந்தால் போதும் என்பது மற்றொருவரின் விருப்பமாக இருக்கலாம். அவருக்கு எது வேண்டும் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். ஆலோசனைக்கு வரும்போது அவரையும் உடன் அழைத்து வாருங்கள்.