ஒரு கொப்பியும் ஒரு வருடமும்



சென்ற வருடம் தைப்பொங்கல் கழிந்த கையோடு எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். அலுவலக வேலைக்காக அல்ல. மன்னார்த் தீவிலும் சுற்றியுள்ள கரையோரக் கிராமங்களிலும் வயதான பெண்களுக்குத் தெரிந்த தாலாட்டு, ஒப்பாரி, அரிவி வெட்டுப் பாட்டு ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், சொந்தச் செலவில், பஸ்ஸில் போய் வந்தேன். வருடம் ஒன்று முடிந்துவிட்டது.

இது நான் கண்டுபிடித்த வேலை அல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் 1964இல் ‘மன்னார் நாட்டுப் பாடல்கள்’ என்ற நூலைப் பதிப்பித்தார். அந்தக் காலத்தில் தொட்டிலில் கிடந்தவர்கள் இன்று பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். இடையில் போரும் இடப்பெயர்வும் வந்துபோயின. அவர்களிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று அறிய விரும்பினேன்.

முதல் மூன்று மாதமும் ஒன்றும் சரிவரவில்லை. கொப்பியைக் கண்டதும், “வீட்டுத் திட்டத்துக்குப் பதியவோ பிள்ளை?” என்றார்கள். இழந்த வள்ளம், வலை, ஆடு என்று கணக்குச் சொன்னார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. பேனையோடு போகும் நாங்கள் இத்தனை வருடமாக இழப்பை மட்டும்தானே கேட்டோம்? உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டதில்லையே.

பிறகு கொப்பியைப் பைக்குள் வைத்துவிட்டு, கருவாடு காயப்போடும் இடத்தில் அவர்களோடு குந்தினேன். கை வேலையில் இருக்கும்போது பாட்டு தானாக வந்தது. வீட்டுக்கு வந்துதான் எழுதினேன். அடுத்த ஞாயிறு வாசித்துக் காட்டி, சம்மதம் கேட்டேன். ஒரு அம்மா தன் மாமியாரைக் குத்தும் வரி ஒன்றை வெட்டச் சொன்னார். வெட்டினேன்.

எருக்கலம்பிட்டியில் ஒரு உம்மா மிக மெல்லிய குரலில் தாலாட்டினார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கைக்குழந்தையோடு புத்தளம் போனவர் அவர். முகாமில் ஓலைத் தட்டிக்கு அப்பால் அடுத்த குடும்பம் படுத்திருக்கும். அங்கே அடக்கிப் பாடிய குரல் ஊர் திரும்பிய பிறகும் உயரவில்லை. அதையும் பாட்டின் கீழே குறித்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் ஒப்பாரி நன்றாகத் தெரிந்தவர் என்று சொல்லப்பட்ட ஒரு தாயிடம் போனேன். அவர் மகன் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். அது தெரிந்திருந்தும் யோசிக்காமல் கேட்டுவிட்டேன். அவர் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார்.

“இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வைக்கச் சொல்லுறியோ?”

எனக்கு நா எழவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அயல் வீட்டுச் சாவுக்குக்கூடத் தான் இப்போது ஒப்பாரி பாடுவதில்லை என்றார். வாயில் வந்தால் வீட்டுக்கும் வந்துவிடுமாம். சற்று நேரத்தின் பின் அவராகவே மகனுக்குப் பாடிய தாலாட்டைப் பாடினார். அதை எழுதலாமா என்று கேட்டேன். “அவன் வந்த பிறகு எழுது” என்றார். அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கிறது.

கொப்பியில் இப்போது முப்பத்தொரு பாட்டு உண்டு. பெரிய எண்ணிக்கை அல்ல. ஆனால் சமூகவியல் படித்தபோது விளங்காத ஒன்று அந்த வெறும் பக்கத்தால் விளங்கியது. சொல்வதற்குப் பெண்ணுக்கு இருக்கும் உரிமை சொல்லாமல் வைத்துக்கொள்வதற்கும் உண்டு.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அம்மம்மாவோ அப்பாச்சியோ உம்மம்மாவோ இருப்பார். இந்த வாரம் அவர் அருகில் குந்துங்கள். பேனையைப் பிறகு எடுங்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள்.

வரும் ஞாயிறு நானும் புறப்படுகிறேன். இரண்டாவது கொப்பி வாங்கியாயிற்று.